பிரைவேட்

எண்பதுகளில் மாட்டுங்காவில் நான் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தபோது, தாராவியில் தோலுக்குச் சாயம் போடுகிற ஒருவர் வந்தார். வெள்ளைத் தொப்பி, நரைத்த தாடி. எவ்வளவு சொல்லியும் உள்ளே வரவில்லை. கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டே பேசினார்.

"சார்வாள், மவ ஒம்பதுல ரெண்டு தடவ ஃபெயிலு. ஸ்கூல்ல பேரை அடிச்சிட்டாவ. வீட்டுல இருந்தே பத்தாங்கிளாஸ் எழுத வழி உண்டுமா?"

"பிரைவேட்டா எழுதலாமே."

அவர் முகம் சிவந்தது. "பிரைவேட்டுக்குக் கட்ட வக்கிருந்தா ஒம்ம வாசல்ல ஏன்வே நிக்கேன்? எகத்தாளமா பேசுதீரு?"

பள்ளிக்கூடம் போகாமல் பரீட்சை மட்டும் எழுதுவதைத்தான் பிரைவேட் என்பார்கள். செலவு மிகக் குறைவு. அவரோ பணக்காரப் பள்ளிக்கூடம் என்று நினைத்துவிட்டார். ஒரே வாக்கியத்தில் விளக்கியிருக்கலாம். ஆனால் எதிர்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்கும் ஆத்திரம் வந்துவிட்டது.

"இதென்ன மீன் மார்க்கெட்டா? கத்தாம போங்கோ" என்றேன்.

அவர் திரும்பிப் படியிறங்கியபோதுதான் அந்தக் கைகளைப் பார்த்தேன். நகக்கண் வரை கறுப்பு.

வேறு யாரிடமாவது கேட்டிருப்பார் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். அப்படி விரட்டப்பட்டவர் இன்னொரு வாசலில் போய்க் கைகட்டி நிற்கமாட்டார்.