கேட்டதற்கு மட்டும் பதில்

விருதுநகர் பஜாரில் மிளகாய் வற்றல் கமிஷன் கடை ஒன்றின் மாடியில் இருந்தது அந்த ஆளெடுக்கும் ஆபீஸ். படியேறும்போதே நெடி தொண்டையைப் பிடிக்கும். உள்ளே இருந்தவர் நெடியைவிட மோசம்.

பதினேழு வருட ராணுவ வேலையை முடித்துவிட்டு அவர் முன்னால் போய் நின்றேன். உட்காரச் சொல்லாமல் நாற்காலியைத் தொடுவது எங்கள் பழக்கமில்லை. அவர் செல்போனில் சிரித்து முடிக்கும்வரை காலைச் சேர்த்து விறைப்பாக நின்றேன். என்னைவிடப் பத்து வயது சின்னவர். என் பயோடேட்டாவைப் புரட்டக்கூட இல்லை. மீசையை மட்டும் பார்த்தார்.

“துப்பாக்கி லைசென்ஸ் இருக்கா?”

“இல்லை சார்.”

“எந்த ஷிப்டுனாலும் பாப்பீகளா?”

“பார்ப்பேன் சார்.”

“அப்ப ஏடிஎம் செக்யூரிட்டிதான். ரெண்டு போட்டோ குடுத்துட்டுப் போங்க.”

அவ்வளவுதான் பேட்டி. அந்தப் பதினேழு வருடமும் நான் வேலை பார்த்தது வெடிமருந்துக் கிடங்கில். எந்தப் பெட்டி எந்தச் சூட்டில் கெடும், எதன் பக்கத்தில் எதை வைக்கக் கூடாது, ஓர் அறைக்குள் எத்தனை பேர் இருக்கலாம் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. என் பொறுப்பில் ஒருவருக்கும் சின்னக் காயம்கூடப் பட்டதில்லை. இதில் ஒன்றையும் நான் அங்கே சொல்லவில்லை. அவர் கேட்கவில்லையே! மேலதிகாரி கேட்டதற்கு மட்டும் பதில், அதற்கு மேல் பேசினால் அதிகப்பிரசங்கி என்றுதான் எங்களைப் பழக்கியிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் மனைவிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நாரணாபுரத்துப் பட்டாசு கம்பெனி ஒன்றில் வெடிக்கு மருந்து செலுத்துகிறவள் அவள்.

“அந்தாளு கேக்காட்டி நீங்க சொல்ல மாட்டீகளா? எங்க கம்பெனியில போர்மேன் வேலைய விட்டு நின்னுட்டாரு. அந்த ஆபீசு வழியாத்தான் ஆள் எடுக்காக. இம்புட்டையும் ஒரு தாள்ல எழுதிக்கிட்டுப் போயி அவன் மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க. அதுக்கும் வாய் வரலைன்னா ஏடிஎம் வாசல்லயே கெடங்க.”

போர்மேன் வேலை என்றதும் எனக்கு ஆசை பிடித்துக்கொண்டது. காக்கியை மாட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்து, வருகிற போகிறவனுக்கெல்லாம் சலாம் போடுவதற்கா இவ்வளவு படித்தேன்? பதக்கம், பயிற்சி, முகாம் பெயர் எல்லாவற்றையும் அடித்துவிட்டு, எனக்குத் தெரிந்த வேலையை மட்டும் ஒரே பக்கத்தில் எழுதினேன்.

மறுபடி மாடியேறி, சொல்லாமலே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் வாயைத் திறப்பதற்குள் அத்தனையையும் சொல்லி முடித்தேன். முதல் தடவையாக அவர் தாளைப் படித்தார்.

“இத மொதல்லயே சொல்றதுக்கு என்னங்க?” என்றார். பழியும் என்மேல்தான்.

இரண்டு நாள் கழித்து அவரே கம்பெனிக்குக் கூட்டிப் போனார். வாசலிலேயே செல்போனையும் செருப்பையும் விட்டேன். அவர் ஷூவைக் கழற்றினார். போனை சைலன்ட்டில் போட்டு, பேன்ட் பைக்குள் தள்ளிக்கொண்டார்.

மேனேஜர் எங்களை மருந்து செலுத்தும் அறைப் பக்கம் அழைத்துப் போனார். லோடு ஏற்றும் நாளில் நேரம் முன்னேபின்னே ஆகும், இருப்பீர்களா என்று கேட்டார். இருப்பேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை வர முடியுமா என்றார். முடியும் என்றேன்.

“சரி, நாளைக்கே வந்துருங்க.”

வேலை கிடைத்துவிட்டது. அப்போதுதான் அந்த அறைக்குள் பார்த்தேன். நான்கு பேர் மட்டும் என்று கதவருகே எழுதியிருந்தது. உள்ளே ஐந்து பேர். சுவரோரம் ஒடுங்கி உட்கார்ந்திருந்த ஐந்தாவது ஆள் என் மனைவி. என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. பேசாமல் வந்திருக்கலாம்.

“இதுல ஒரு ஆள் அதிகமா இருக்கு” என்றேன்.

“சீசன் ஆர்டருங்க. சோதனைக்கு ஆபீசர் வந்தா வெளிய அனுப்பிருவோம்” என்றார் மேனேஜர்.

“ஆபீசர் வந்தாத்தான் வெடிக்குமா? இப்பவே ஒரு ஆள வெளிய அனுப்புங்க. இல்லாட்டி நான் போர்மேன்னு கையெழுத்துப் போட மாட்டேன்.”

ஆபீஸ்காரர் முழங்கையால் என்னை இடித்தார். “சார் அதக் கேட்டாரா? கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க.”

ஓங்கி ஒன்று விடலாம் போலிருந்தது. “மொதல்ல ஒம் பையில இருக்கிற போன வெளிய கொண்டு போ” என்று கத்தினேன். மேனேஜர் முகம் செத்துவிட்டது. ஆபீஸ்காரரை முறைத்தார், என்னையும் முறைத்தார். பிறகு சொல்லி அனுப்புவதாகச் சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

ஆபீஸ்காரர் என்னை ரோட்டிலேயே விட்டுவிட்டு பைக்கில் போய்விட்டார். பஸ் ஏறி வீடு வந்து சேர்ந்தேன்.

சாயங்காலம் மனைவி வந்தாள். வழக்கமாகக் கையில் சாம்பல் நிற மருந்து அப்பியிருக்கும். அன்றைக்குப் பசை காய்ந்திருந்தது.

“ஒங்கள யாரு கேட்டாக?” என்றாள். “என்னையத்தான் வெளிய அனுப்புனாக. இனிமே எனக்குப் பெட்டி ஒட்டுற வேலைதான். ஒங்களுக்கும் வேலை இல்ல. நல்லா இருக்கா?”

சோற்றைப் போட்டு, தட்டைத் தரையில் ணங்கென்று வைத்தாள். நான் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

“நாலு பேருதான் இருக்காக” என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். “வரும்போது எட்டி எண்ணிப் பாத்துட்டுத்தான் வந்தேன். சாப்பிடுங்க.”