மஞ்சள் தண்ணீர் ஊற்றிய இடம்

வாரத்தில் ஐந்து நாளும் ஆட்களின் மேல் உலோகம் தேடுகிறவள், ஆறாம் நாளும் மண்ணுக்குள் அதையே தேடப் போவாளா? கமலாம்பிகை போவாள். ரொறன்ரோ விமான நிலையத்தில் பயணிகளைச் சோதிக்கிற வரிசையில் சீருடையோடு நிற்பது அவளுடைய தொழில். இடுப்புப் பட்டியைக் கழற்ற மறந்த பெரிய மனிதர், கொண்டைக்குள் ஊசியை மறந்த புதுப்பெண், எல்லாரும் அவள் கையிலிருக்கிற கருவி கீச்சிட்டதும் திருதிருவென்று முழிப்பார்கள். "கருவி பொய் சொல்லாது. நாங்கள்தான் கேட்டதும் கேளாததுமாய்ப் போறம்" என்பாள்.

இந்தப் பைத்தியம் அவளைப் பிடித்தது ஒரு தோட்டுச் சுரையால். ஒரு மாரியில் பஸ் தரிப்பில் நின்றபோது காதுத் தோட்டின் சுரை, பின்பக்கம் முறுக்குகிற தங்கத் திருகு, கழன்று பனிக்குள் விழுந்துவிட்டது. கூட வேலை செய்கிற கிளடிஸின் கணவர் கிளிபோட், ஒன்லைனில் ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கி, இரண்டு நாள் விளையாடிவிட்டுக் கராஜில் எறிந்து வைத்திருந்தார். பனி உருகியதும் கமலாம்பிகை அதை இரவல் வாங்கிக்கொண்டு போனாள். சுரை கிடைத்தது. கருவி திரும்பிப் போகவில்லை. கிளிபோட்டுக்கு ரோசம் வந்து புதிதாய் ஒன்று வாங்கினார். அவரைத் தனியே விட மனமில்லாமல் கிளடிஸும் ஒன்று வாங்கினாள். அன்று தொடங்கி, சனிக்கிழமை ஓய்வு கிடைத்தால் மூன்று பேரும் கிளிபோட்டின் வான் வண்டியில் ஏறி ஏரிக்கரை, பண்ணை, பழைய பூங்கா என்று அலைகிறார்கள். கிளிபோட் தேடுவது பழைய நாணயம். கிளடிஸ் தேடுவது கிளிபோட்டை. கமலாம்பிகை இன்னதென்று எதையும் தேடுவதில்லை, ஆனால் சத்தம் கேட்ட இடத்தைத் தோண்டாமல் விடுவதுமில்லை.

சோடாத் தகர ரின்னை இழுத்துத் திறக்கிற சின்ன வளையம் இருக்கிறதே, அதற்கும் தங்க மோதிரத்துக்கும் கருவி ஏறக்குறைய ஒரே சத்தம்தான் போடும். கனபேர் "உது ரின் வளையம்" என்று தாண்டிப் போய்விடுவார்கள். கமலாம்பிகை குனிந்து ஒவ்வொன்றையும் தோண்டுவாள். அவளுடைய வீட்டில் ஒரு ஜாம் போத்தல் நிறைய ரின் வளையங்கள் இருக்கின்றன. அதை வைத்துக் கிளிபோட் பண்ணாத பகிடி இல்லை.

ஆனால் இந்தப் புரட்டாசியில் அவர்கள் போன பயணம் பொழுதுபோக்குக்குப் போனதல்ல. ஒரு மனுசியின் பெயரை மீட்கப் போனது.

அந்த மனுசி தெய்வநாயகி. ரெக்ஸ்டேலில் கமலாம்பிகைக்குப் பக்கத்து அப்பார்ட்மென்ட். கமலாம்பிகை அகதியாய் வந்து இரவு வேலைக்கு ஓடித்திரிந்த காலத்தில், அவளுடைய மகன் யசிந்தன் தூங்கியது தெய்வநாயகியின் கட்டிலில். இன்றைக்கு அவன் கல்கரியில் பெரிய வேலை பார்க்கிறான். வீட்டுக்கு வந்தால் முதலில் தட்டுவது இன்னும் அந்தக் கதவைத்தான். வசதி குறைந்த சொந்தக்காரருக்குக் கலியாண வீடுகளில் ஏதாவது ஒரு வேலை வைத்திருப்பார்கள். தெய்வநாயகிக்குத் தட்டம் அடுக்குவது, மஞ்சள் கரைப்பது, கும்பம் வைப்பது. அழைப்பிதழில் அவர் பெயர் வராது. அவர் வராவிட்டால் ஐயருக்குக் கை ஓடாது.

அவருடைய ஒன்றுவிட்ட தங்கையின் மகள் நிலக்சிக்குக் கலியாணம். மாப்பிள்ளையும் பொம்பிளையும் மண்டபம் வேண்டாம் என்றதால், 401 பெருந்தெருவில் கிழக்கே இரண்டு மணித்தியாலம் ஓடி, ஏரிப் பக்கத்துப் பண்ணை ஒன்றின் புல்வெளியில் மணவறை போட்டார்கள். தாலி கட்டியான பிறகு கணையாழி எடுக்கிற சடங்கு வந்தது. மஞ்சள் தண்ணீர் நிரம்பிய வாயகன்ற பாத்திரத்துக்குள் மோதிரத்தைப் போட, மாப்பிள்ளையும் பொம்பிளையும் கையை விட்டுத் துழாவி யார் முந்தி எடுப்பது என்று மூன்று முறை போட்டி. மாப்பிள்ளை துஷாந்த் இரண்டு முறையும் நிலக்சி ஒரு முறையும் எடுத்தார்கள். சபை கைதட்டியது. அதோடு விட்டிருந்தால் ஒரு வில்லங்கமும் இல்லை. கமராக்காரர், "இன்னொருக்கா, எனக்காக" என்றார். மோதிரம் திரும்பவும் தண்ணீருக்குள் போனது. இரண்டு பேரும் கையை உள்ளே வைத்துக்கொண்டு கமராவைப் பார்த்துச் சிரித்தார்கள். மோதிரத்தை அவள் எடுத்துவிட்டாள் என்று அவன் நினைத்தான், அவன் எடுத்துவிட்டான் என்று அவள் நினைத்தாள். ஐயர் அடுத்த சடங்குக்கு அவசரப்படுத்தினார். தெய்வநாயகி வழக்கம்போலப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய், கால்படாத இடமாய்ப் பார்த்து ஊற்றிவிட்டு வந்தார்.

மோதிரத்தைக் காணவில்லை என்பது கலியாணத்துக்கு நாலாம் நாள் வைக்கிற நாலாம் சடங்குச் சாப்பாட்டில்தான் வெளிவந்தது. அது நிலக்சியின் தாய்மாமன் இரத்தினவேல் ஆசையாய்ச் செய்வித்துக் கொடுத்த மோதிரம். சாப்பாடும் அஜக்ஸில் அவருடைய புது வீட்டில்தான். இனசனம் எல்லாம் சுற்றியிருக்க, அவர் கையைக் கழுவிக்கொண்டு கேட்டார்.

"தண்ணி ஊத்தேக்கை மோதிரம் விழுந்தால் தெரியாதோ அக்கா?"

கேள்வி அவ்வளவுதான். கேட்ட விதம்தான் வேறு. தெய்வநாயகி பதறிப்போனார். மஞ்சள் தண்ணீர் கலங்கலாய் இருந்தது என்று சொல்லத் தெரிந்ததே தவிர, எங்கே ஊற்றினார் என்று கேட்டபோது கால்படாத இடம் என்பதற்கு மேல் ஒன்றும் வாயில் வரவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அன்றிரவே வட்ஸ்அப்பில் ஒருவர், "ஊற்றியவவைத்தான் கேட்கவேணும்" என்று எழுதி, பக்கத்தில் சிரிக்கிற முகம் ஒன்றையும் போட்டுவிட்டார். அந்த வாரம் இன்னொரு வீட்டுக்குத் தட்டம் அடுக்கப் போக இருந்த தெய்வநாயகி, காய்ச்சல் என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

காய்ச்சல் இல்லை என்று கமலாம்பிகைக்குத் தெரியும். போய்த் தட்டினாள்.

"அக்கா, சனிக்கிழமை போய் எடுத்துக்கொண்டு வாறன்."

"எங்கையெண்டு எடுப்பாய்? எனக்கே ஞாபகமில்லை. நீ போய்க் கிடைக்காட்டில், பிறகு நான்தான் எடுத்தது எண்டு முடிஞ்சிடும்."

"கிடைக்கும்."

"கிடைக்காட்டில்?"

"கிடைக்கும் எண்டுதானே சொன்னனான்."

அரைக்காசுக்குப் போன மானம் ஆயிரம் கொடுத்தாலும் வராது என்பார்கள். கமலாம்பிகை அதை ஒத்துக்கொள்கிற ஆள் இல்லை. போன இடம் தெரிந்தால் தோண்டி எடுக்கலாம் என்பது அவளுடைய கட்சி.

சனிக்கிழமை விடியக் கிளிபோட்டின் வான் ரெக்ஸ்டேலுக்கு வந்தது. பின்னால் மூன்று கருவிகள், மண்வெட்டி, நிலத்தில் விரிக்க ஒரு தறப்பாள். கிளடிஸின் மடியில் மீன் அடைத்த பணிஸும் பிளாஸ்கில் ரீயும்.

"அந்தோனியாருக்கு மெழுகுதிரி நேர்ந்திருக்கிறன்," என்றாள் கிளடிஸ். காணாமல் போனதைத் தேடித் தருவதில் அந்தோனியாரை மிஞ்ச ஆளில்லை என்பது அவளுடைய நம்பிக்கை.

"அப்ப நாங்கள் ஏன் போறம்? அவரையே அனுப்பிவிட்டால் பெற்றோலும் மிச்சம்," என்றார் கிளிபோட்.

"உங்களுக்கு ஒரு நல்ல நாணயம் அம்பிடாததுக்குக் காரணமே உந்த வாய்தான்."

அஜக்ஸ் வந்தபோது கமலாம்பிகை யன்னலால் வெளியே பார்த்தாள். இரத்தினவேலின் வீடு அந்தப் பக்கம்தான். அவளுக்குள் கோபம் இருந்தது, பயத்துக்கு இடம் விடாத கோபம். பணிஸை எடுத்து ஒரு கடி கடித்துவிட்டு, "வேகமாய் விடுங்கோ அண்ணை" என்றாள்.

பண்ணைக்காரி ஸ்டெபனி போனிலேயே சம்மதம் சொல்லியிருந்தாள். தெய்வநாயகி பாத்திரத்தோடு மேப்பிள் மரத்தின் பக்கம் போனதைக் கண்டதாக மாப்பிள்ளை வீட்டார் யாரோ சொல்லியிருந்தார்கள். மூன்று பேரும் மரத்தைச் சுற்றி வளைத்துக்கொண்டார்கள். கருவிகள் ஓயாமல் கத்தின. தோண்டத் தோண்டப் போத்தல் மூடி. மத்தியானம் வரை மூடியும் வளையமும்தான். கிளிபோட் முழங்காலைத் தடவிக்கொண்டு, "கமலா, உது மோதிரம் விளையிற மண் இல்லை" என்றார்.

கமலாம்பிகை கையிலிருந்த மூடிகளைப் பார்த்தாள். புது மூடிகள், கறள் பிடிக்காதவை. ஸ்டெபனியைக் கூப்பிட்டு, கலியாணத்தன்று இந்த மரத்தடியில் என்ன இருந்தது என்று கேட்டாள். குடிவகை கொடுக்கிற பார் இருந்தது என்றாள் ஸ்டெபனி.

"அப்ப அக்கா இதிலை ஊத்தேல்லை," என்றாள் கமலாம்பிகை.

"எப்பிடி அவ்வளவு நிச்சயமாய்ச் சொல்லுறீர்?" என்று கிளடிஸ் கேட்டாள்.

"பியர் குடிக்கிற இடத்திலை மஞ்சள் தண்ணியை ஊத்துவாவோ? கழுத்தை வெட்டினாலும் ஊத்த மாட்டா. இவ்வளவு தூரம் வந்திருப்பா. போத்தலோடை ஆக்கள் நிண்டதைக் கண்டிட்டுத் திரும்பியிருப்பா."

சொல்லிவிட்டு, மணவறை இருந்த இடத்துக்குப் போனாள். பாத்திரம் ஏந்துகிற மாதிரி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, சேலையின் கொய்யக மடிப்பு காலில் தடுக்குமே என்று நினைத்து மெல்ல நடந்தாள். கிளிபோட் சிரித்தார். அவள் கவனிக்கவில்லை. மரத்தடிக்கு வந்தாள், முகத்தைச் சுளித்தாள், திரும்பினாள். ஒரு பக்கம் கார் நிறுத்துகிற இடம், கால்படும். மறு பக்கம் சனம் நடக்கிற புல், அதுவும் ஆகாது. நேரே களஞ்சியத்தின் வாசல். அங்கே நிலத்தில் புல் வெளுத்து, வட்டம் வட்டமாய் அடையாளங்கள்.

அந்த இடத்தில் என்ன இருந்தது என்று ஸ்டெபனியிடம் கேட்டாள். பழைய வைன் பீப்பாக்களைப் பாதியாய் வெட்டிச் செவ்வந்தி நட்டிருந்தோம், அதுதான் இந்த வருசத்தின் கடைசிக் கலியாணம் என்பதால் பிடுங்கிக் கொட்டிவிட்டோம் என்றாள் ஸ்டெபனி.

"செவ்வந்தி," என்றாள் கமலாம்பிகை. அதற்குமேல் அவளுக்குச் சந்தேகம் இல்லை. பூ நிற்கிற மண், யாருடைய காலும் படாத உயரம். தெய்வநாயகி ஒரு நிமிடமும் யோசித்திருக்க மாட்டார்.

கொட்டிய மண் களஞ்சியத்தின் பின்னால் ஒரு மேடாய்க் கிடந்தது. தறப்பாளை விரித்து, மண்ணை மெல்லியதாய்ப் பரப்பி, கருவியைப் பிடித்து, மறு பக்கம் தள்ளினார்கள். ஆணி. வளையம். ஒரு சேலைக் குத்தூசி. திரும்பவும் வளையம். மேட்டில் பாதி கரைந்தது. மேகம் கறுத்தது. கிளிபோட் வானத்தைப் பார்த்தார், கிளடிஸ் கிளிபோட்டைப் பார்த்தாள். கமலாம்பிகை முதல் தடவையாகத் தெய்வநாயகியின் சாத்திய கதவை நினைத்தாள். வெறுங்கையோடு அந்தக் கதவை எப்படித் தட்டுவது?

அடுத்த மண்வெட்டியில் வேரோடு கட்டியாய் ஒரு செவ்வந்தி வந்தது. பூச்சாடி மண்ணுக்குள் வெள்ளை வெள்ளையாய்க் குறுணி கலந்திருக்கும். மேடு முழுவதும் அது வெள்ளையாய்த்தான் இருந்தது. இந்தக் கட்டியில் மஞ்சளாய் இருந்தது.

"கிளடிஸ், இதை ஒருக்கா மணந்து பாரும்."

கிளடிஸ் மணந்தாள். "கறிச்சட்டி மாதிரி எல்லோ மணக்குது."

கருவியைப் பிடித்தார்கள். கீச்சிட்டது. காலையிலிருந்து கேட்டுக் காது புளித்த அதே சத்தம்.

"வளையம்," என்றாள் கிளடிஸ், அலுப்போடு.

"இருக்கட்டும்."

கமலாம்பிகை கட்டியை விரலால் பிரித்தாள். வேருக்குள் சிக்கிக்கொண்டு கிடந்தது மோதிரம். கிளடிஸ் சிலுவை போட்டுக்கொண்டாள். கிளிபோட் தொப்பியைக் கழற்றினார். கமலாம்பிகை மண்ணிலேயே இருந்து அழுதாள். பிறகு மோதிரத்தைக் கழுவாமல், வேரோடும் மஞ்சள் மண்ணோடும் ஒரு சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

"படம் எடுத்து வட்ஸ்அப்பிலை போடுவம்," என்றார் கிளிபோட்.

"வேண்டாம் அண்ணை. கேட்ட இடத்திலைதான் மறுமொழியும் சொல்ல வேணும்."

திரும்பும்போது அஜக்ஸில் அவர்கள் இறங்கவில்லை. வீட்டுக்குப் போனதும் இரத்தினவேலுக்குப் போன் எடுத்தாள். "அண்ணை, மோதிரம் கிடைச்சிட்டுது. நாளைக்குக் கொண்டு வாறம். அண்டைக்குச் சாப்பாட்டிலை இருந்த எல்லாரையும் கூப்பிட்டு வையுங்கோ." பக்கத்துக் கதவைத் தட்டி, நல்ல சேலையாய் ஒன்று எடுத்து வைக்கச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வந்திருந்தார்கள், சிரிக்கிற முகம் போட்டவர் உட்பட. கமலாம்பிகை பெட்டியைத் திறந்து, மண்ணோடு வேரைக் காட்டி, கமராக்காரர் கேட்ட படத்திலிருந்து செவ்வந்திப் பீப்பா வரை நடந்ததை நடந்தபடி சொன்னாள். துஷாந்தும் நிலக்சியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நிலக்சி எழுந்து போய், பாத்திரத்தில் மஞ்சள் கரைத்துக்கொண்டு வந்து மோதிரத்தைப் போட்டாள். "கமரா இல்லாமல் இன்னொருக்கா எடுப்பம்," என்றாள். இந்த முறை அவள்தான் எடுத்தாள். எடுத்த கையோடு விரலில் போட்டுக்கொண்டாள்.

இரத்தினவேல் பாத்திரத்துக்குக் கை நீட்டினார். "தாங்கோ, நான் கொண்டுபோய் ஊத்திறன்."

"நோ மாமா. பெரியம்மாதான் ஊத்துறது," என்றாள் நிலக்சி.

தெய்வநாயகி பாத்திரத்தை வாங்கினார். வாசலுக்குப் போகவில்லை. நேரே இரத்தினவேலுக்கு முன்னால் போய் நின்றார்.

"தம்பி, கையை விட்டுப் பாரும்."

"எதுக்கு அக்கா?"

"பாரும்."

இரத்தினவேல் கையை விட்டார். "ஒண்டும் இல்லை அக்கா."

"அடி வரைக்கும் வடிவாய்த் துழாவிப் பாரும். பிறகு நான் தெரியாது எண்டு சொல்லக் கூடாது பாரும்."

அவர் மணிக்கட்டு முங்கத் துழாவினார். "இல்லை அக்கா," என்றார். குரல் இறங்கிப்போயிருந்தது. "நான் அண்டைக்கு அப்பிடிக் கேட்டிருக்கக் கூடாது."

தெய்வநாயகி தலையை ஆட்டிவிட்டு, கால்படாத இடம் தேடிக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனார். இரத்தினவேல் போட்டிருந்தது வெள்ளைச் சட்டை. அதன் கை மஞ்சளாகிவிட்டது. மஞ்சள் கறை எத்தனை தோய்ச்சலுக்குப் போகும் என்று அவருடைய மனைவியைத்தான் கேட்க வேண்டும்.