தேதி புரண்ட பட்டியல்

மருத்துவமனை மருந்துக் கிடங்கில் அவளைப் 'பட்டன் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். திங்கட்கிழமை காலையில் கணினித் திரையில் ஒரு பட்டனை அழுத்துவாள். காலாவதியாகப் போகும் மருந்துகளின் பட்டியல் வந்து விழும். அதற்குப் பின்னால் இருந்த மேக்ரோவை, அதாவது கணினிக்கான கட்டளைத் தொகுப்பை, எழுதியவர் வேலையை விட்டுப் போய் ஒரு வருடம். அவளுக்கு அழுத்த மட்டும்தான் தெரியும். அதை யாரிடமும் அவள் சொன்னதில்லை.

மே மாதம் ஒரு திங்கட்கிழமை, கண் சொட்டு மருந்துப் பெட்டியை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மே ஒன்பதோடு காலாவதி. நான்கு நாள் தாண்டிவிட்டது. பட்டியலிலோ செப்டம்பர் ஐந்து. நாளும் மாதமும் இடம் மாறியிருந்தன. பதின்மூன்றாவது மாதம் என்று ஒன்று இல்லாததால், பன்னிரண்டாம் தேதிக்கு மேற்பட்டவை மட்டும் சரியாக வந்தன; அதனால் யார் கண்ணிலும் படவில்லை. கிடங்குக்குப் புதுக் கணினி வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

வார்டு வார்டாக ஓடினாள். குழந்தைகள் வார்டில் அந்தச் சொட்டு மருந்துப் புட்டி ஒன்று திறந்திருந்தது.

"நேத்து ஒரு பாப்பாவுக்கு ரெண்டு சொட்டு விட்டோமே," என்றாள் நர்ஸ்.

அவள் ஓடிப்போய் டாக்டரைக் கூட்டி வந்தாள். டாக்டர் குழந்தையைப் பார்த்துவிட்டு, "இப்போதைக்கு ஒண்ணும் இல்ல. ரெண்டு நாள் பாக்கலாம்," என்றார்.

கிடங்கு அதிகாரி பதறவில்லை. "நீங்கதான் கம்ப்யூட்டர்ல கெட்டிக்காரியாச்சே. சரி பண்ணிடுங்க."

மென்று முழுங்கிக்கொண்டு சொன்னாள்: "எனக்கு அழுத்த மட்டும்தான் தெரியும் சார். கத்துக்கணும். அதுவரைக்கும் எல்லாப் பெட்டியையும் கையாலயே பாத்துடறேன்."

"சரி, பாருங்க," என்றார் அவர்.

எங்கே கற்பது? இணையத்தில் பாடம் நடத்திய வீடியோக்காரர் நிமிஷத்துக்கு ஒரு தரம் 'ரொம்ப சிம்பிள்' என்றார். அவர் சொடுக்கிய இடம் எது என்று பார்ப்பதற்குள் அடுத்த படிக்குப் போயிருந்தார். நூலகத்துப் புத்தகம் தலைக்கு வைத்துப் படுக்கத்தான் லாயக்கு. இணைய மன்றத்தில் கேட்டால், 'முன்பே பதில் சொல்லியாயிற்று, தேடிப் பாருங்கள்' என்றார்கள். என்னவென்று தேடுவது? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது.

"இப்படியே போனா என் சட்டைப் பட்டனைத் தொடக்கூடப் பயப்படுவ போலிருக்கே," என்றார் கணவர். அவளால் சிரிக்க முடியவில்லை. குழந்தையின் கண்தான் நினைவில் நின்றது.

புதன்கிழமை மதியம், யாரோ ஒரு கணக்கு வாத்தியார் அலங்காரமில்லாமல் எழுதி வைத்திருந்த பாடப் பக்கம் அகப்பட்டது. 'முதலில் கோப்பை நகலெடுங்கள். நகலைத் தைரியமாகக் கெடுங்கள்' என்று தொடங்கியது. ஒவ்வொரு பாடத்துக்கும் பிழையோடு ஒரு பயிற்சிக் கோப்பு. மேக்ரோவை ஒவ்வொரு வரியாக ஓட்டி நிறுத்திப் பார்க்கச் சொல்லிக் கொடுத்திருந்தார். தேதிக்கென்றே தனிப் பாடம் இருந்தது.

நகலில் வரி வரியாக ஓட்டினாள். பதினேழாவது வரியில் ஒன்பதும் ஐந்தும் அவள் கண்முன்னே புரண்டன. புதுக் கணினி, மாதத்தை முதலில் வைக்கும் தன் அமைப்பை வைத்துத் தேதியை ஊகித்துக்கொண்டிருந்தது. நாள் எது, மாதம் எது, ஆண்டு எது என்று பிரித்துச் சொல்லும்படி அந்த வரியை மாற்றினாள். மூன்று தடவை தப்பு வந்தது. நாலாவது தடவை மே ஒன்பது வந்தது.

எழுந்து குழந்தைகள் வார்டுக்குப் போனாள். குழந்தையை அன்று காலையே வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

"கண்ணு நல்லாதானே இருந்துச்சு?"

"நல்லாதான் இருந்துச்சுக்கா. எத்தனை தரம் கேப்பீங்க?" என்றாள் நர்ஸ்.

திரும்பி வந்ததும் அதிகாரி, "இனிமே லிஸ்ட்டை நம்பலாமா?" என்று கேட்டார்.

"இன்னும் அலமாரி பாக்கி இருக்கு சார். லிஸ்ட்டோட ஒத்துப் பாத்துட்டுச் சொல்றேன்," என்று ஏணியை இழுத்துப் போட்டாள்.