பேர் வெட்டிய குடம்

என் மேசையில் விரித்திருந்த வரைபடத்தின் மேலேயே, மனு விஷயமாக ஊரிலிருந்து வந்த அந்த அக்கா குடத்தை வைத்துவிட்டார். எவர்சில்வர் குடம். ஒரு பக்கம் நசுங்கி, கழுத்தில் புள்ளி புள்ளியாக அவருடைய மாமனார் பேரும் ஊர்ப் பேரும் வெட்டியிருந்தது. எண்பதுகளின் நடுவில், தர்மபுரியில் ஒரு பாசன அலுவலகத்தில் நான் ட்ரேசர், அதாவது வரைபடம் நகலெடுப்பவள். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. என் கோடு தப்பாது என்ற திமிர் மட்டும் இருபது வருஷ சர்வீஸுக்கு இருந்தது. "இங்க் ஈரமா இருக்குது, எடுங்கக்கா" என்று சிடுசிடுத்தேன். "எடுக்கறனுங்க. மொதல்ல இந்தப் பேரப் படிங்க" என்றார்.

எங்கள் மாவட்டத்தில் விழும் மழைக்கு இரண்டு வழி உண்டு. இண்டூர், பென்னாகரம், என் ஊரான ஏரியூர் பக்கம் பெய்வது நாகாவதி மாதிரி ஆறுகளில் இறங்கிக் காவிரிக்குப் போகும். கடத்தூர்ப் பக்கம் பெய்வது கிழக்கே ஓடித் தென்பெண்ணையில் சேரும். பக்கத்துப் பக்கத்தில் விழுந்த இரண்டு துளிகளில் ஒன்று பூம்புகாரில் கடலைத் தொடும், இன்னொன்று கடலூரில். இரண்டையும் பிரிக்கிற மேட்டின் முதுகை மையால் இழுப்பது என் வேலை. ஒகேனக்கல் பக்கத்தில் இருப்பதால் எங்கள் எல்லோருக்கும் ஒரு நினைப்பு: ஓடை மேற்கே திரும்பிவிட்டால் அது காவிரிதான். வரைபடத்தில் அக்காவின் ஊர் ஓடை மேற்கே திரும்பியிருந்தது. யோசிக்காமல் காவிரியில் சேர்த்துவிட்டேன்.

அதனால் வந்த வினை பெரிது. அவர்கள் ஊரில் கிணறுகள் வற்றி, ஓடையில் ஒரு தடுப்பணை கேட்டு மனுப் போட்டிருந்தார்கள். அப்போது காவிரித் தண்ணீர்த் தகராறால், காவிரிப் பக்கம் புதிதாக எதுவும் கட்ட முடியாது என்று எங்கள் ஆபீஸில் கோப்பை மூடிவிடுவார்கள். பெண்ணைப் பக்கம் என்றால் கட்டலாம். என் கோட்டைக் காட்டித்தான் மனுவைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

முந்தின ஐப்பசி வெள்ளத்தில் அந்தக் குடம் ஓடையோடு போயிருக்கிறது. தை மாசம் கடத்தூர் சந்தையில், கிழக்கத்தி ஊர்க்காரர் ஒருவர் தங்கள் ஊர் ஆற்று மணலில் கிடந்தது என்று பேரைச் சொல்லி விசாரித்துக் கொடுத்தாராம். "எங்க தண்ணி காவேரிக்குப் போறதா இருந்தா கொடம் மேட்டூர் பக்கமல்ல கெடக்கோணும்?" என்றார். யாராவது எடுத்துப்போய் விற்றிருப்பார்கள் என்றேன். "பேரு வெட்டுன கொடத்த எவனுங்க வாங்குவான்?" என்று கேட்டுவிட்டுக் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் சொன்னது பொய் என்று காட்டுவதற்காகவே பழைய வரைபட ஷீட்டுகளை எடுத்தேன். ஓடை மேற்கே திரும்பும் இடம், இரண்டு ஷீட்டுகளைச் சேர்த்து ஒட்டிய இடம். ஒட்டியதும் நான்தான். ஈரத்துணி போட்டு ஊறவைத்து மேல் தாளைப் பிரித்தேன். விரலகல ஒட்டுக்குள் ஓடை ஒரு கரட்டுக் குன்றைச் சுற்றிக்கொண்டு கிழக்கே திரும்பிப் போயிருந்தது. மேல் தாளில் அதே இடத்தில் தொடங்கிய வேறொரு ஓடையை இதன் தொடர்ச்சி என்று இணைத்திருக்கிறேன். இரண்டு ஷீட்டையும் எடுத்துக்கொண்டு இன்ஜினியரிடம் போனேன்.

"கையெழுத்தாகி மேல போன ஷீட்ட ஏம்மா கிளறுறே? ஒனக்குத்தான் மெமோ வரும்" என்றார் இன்ஜினியர். என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. "வரட்டுங்க சார். கோடு என்னுது" என்றேன். மெமோ வந்தது. தப்பு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன், திருத்தி வரைந்தேன். குடத்தையும் ஆதாரமாகக் கேட்டு வாங்கி, வயிற்றில் சிவப்புப் பெயிண்டால் அந்த மனுவின் கோப்பு எண் எழுதி ரெக்கார்டு ரூமில் வைத்துக்கொண்டார்கள். அந்த அக்கா வீட்டில் இருந்ததே அந்த ஒரு நல்ல குடம். அதை நினைக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

அனுமதி கிடைத்து அணை கட்டி முடிந்ததும் ரெக்கார்டு கிளார்க்கோடு சண்டை போட்டுக் குடத்தை வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். "ஒருக்கா வெள்ளம் கொண்டுபோச்சு, ஒருக்கா நீங்க கொண்டுபோனீங்க" என்று சிரித்தார்.

இப்போது செயற்கைக்கோள் படம் பார்த்து ஆற்றுப் படுகையைப் பிரிக்கிறார்கள். அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேட்டின் முதுகு நான் திருத்தி வரைந்த கோட்டிலேயேதான் போகிறது. கர்வம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

போன மாசம் அந்த அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். குடம் இருக்கிறது. நசுங்கல் அப்படியே. சிவப்புப் பெயிண்டு இருந்த இடத்தில், அதே கோப்பு எண் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கிறது. பெயிண்டு அழியும் முன்னே பாத்திரக் கடைக்குக் கொண்டுபோய் வெட்டி வாங்கினாராம். ஏனக்கா என்று கேட்டேன்.

"பேரு எங்க மாமனாருதுங்க" என்றார். "அந்த நம்பருதான் என்னுது."