ஆக்சிஜன் பிளான்ட்டுக்குள் போன மாம்பழக் காற்று

1. கரைசல் சிவந்தது

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரமே, பிளான்ட்டை நிறுத்தச் சொல்லி மேனேஜர் முன்னால் போய் நின்றவள் நான்.

பட்டான்செரு பக்கம் ஓர் அரசுத் தொழிற்சாலையில் ஆக்சிஜன் பிளான்ட். சிகந்தராபாத் திருமுல்கேரியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போவேன். லேப் கெமிஸ்ட் உத்தியோகம். எங்களுக்கு மூலப்பொருள் வெறும் காற்று. அதை உறிஞ்சி, அழுத்தி, திரவமாகும்வரை குளிரவைத்தால், கோபுரம் மாதிரி நிற்கும் கலத்தில் நைட்ரஜன் மேலே போகும், ஆக்சிஜன் அடியில் தங்கும். பூமி பிறந்த காலத்தில் ஆக்சிஜனே கிடையாதாம். கடல் நுண்ணுயிர்கள் கோடானுகோடி வருடம் பாடுபட்டு நிரப்பிய சரக்கு அது. நாங்கள் ஒரே ஷிப்டில் பிரித்து சிலிண்டரில் அடைத்துவிடுவோம். அந்தத் திமிர் எங்கள் எல்லோருக்கும் கொஞ்சம் உண்டு.

காற்றில் நூற்றுக்கு எழுபத்தெட்டு பங்கு நைட்ரஜன், இருபத்தொன்று ஆக்சிஜன், மீதியில் பெரும்பகுதி ஆர்கான். இவை எல்லாம் சாது. வம்பெல்லாம் அதற்கப்புறம் வரும் துளியில்தான். அந்தத் துளியில் அசிட்டிலின் வாயு கலந்து, திரவ ஆக்சிஜனுக்குள் சேர்ந்துகொண்டே போனால் அந்தக் கலம் வெடிக்கும். அதனால் தினமும் காலையில் சாம்பிள் எடுத்து ஒரு செம்புக் கரைசலில் விடுவோம். நிறம் மாறாவிட்டால் டீ குடிக்கப் போகலாம்.

அன்று கரைசல் சிவந்தது. புதுக் கரைசல் போட்டேன். அதுவும் சிவந்தது. பக்கத்து மேடையில் ஆபரேட்டர் தேவசகாயம், அந்தக் கலத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்.

2. ஃபில்டர் ரூம்

மேனேஜர் ராமநாதன் சார் கும்பகோணத்துக்காரர். நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"ஆஸ்பத்திரி லாரி கேட்ல நிக்கறது. இப்பப் போய் நிறுத்தணுங்கறியே! திரும்பக் குளிர வைக்க எத்தனை நாளாகும் தெரியுமோ? முதல்ல அசிட்டிலின் எங்கேர்ந்து வர்றதுன்னு பாரு."

அசிட்டிலின் எரிக்கும் வெல்டிங் ஷாப் தூரத்தில் இருந்தது, காற்றும் எதிர்ப்பக்கம் அடித்தது. காற்றை உறிஞ்சும் குழாயைத் தேடிப் போனேன். அதன் கீழே ஃபில்டர் ரூம். கதவைத் திறந்தால் வைக்கோல், கூடை கூடையாக பங்கனப்பள்ளி மாங்காய், ஒவ்வொன்றிலும் பழுக்க வைக்கும் கார்பைடு பொட்டலம். ஈரம் பட்டால் கார்பைடு கக்குவது சாட்சாத் அசிட்டிலின்.

தேவசகாயம் பின்னாலேயே ஓடிவந்தார். சிகந்தராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவர்.

"மேடம், நக்கோ மேடம், வேணாம், சார்ட்ட சொல்லாதீங்க. ஸ்டாஃப் எல்லாரும் சேர்ந்து வாங்கினது. வெல்டிங் ஷாப் கார்பைடு, ஃபர்ஸ்ட் கிளாஸ். இந்த ரூம்லதான் எலி வராது."

"மேடையில நீங்க சாஞ்சு நிக்கிறீங்களே, அந்தக் கலம்தான் அண்ணே வெடிக்கும்."

அவர் முகம் வெளுத்துவிட்டது. பாவமாக இருந்தது. ஆனாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆகப் பெரிய கூடையில் சாக்பீஸால் எழுதியிருந்த பெயர் மேனேஜருடையது.

3. ஃபோன்

"சார், வந்தது உங்க மாம்பழத்துலேர்ந்துதான் சார்."

ராமநாதன் சார் காது சிவந்துவிட்டது. "சரி, கூடையெல்லாம் வெளியே போடச் சொல்லு. தீர்ந்ததோல்லியோ?"

"தீரல சார். உள்ள போனது போனதுதான். ஆக்சிஜன் ஆவியாகிப் போகப் போக, அது மட்டும் அடியில தங்கிக் கெட்டியாகும். திரவத்தை மொத்தமா வடிச்சாகணும். ஸ்டாக் சிலிண்டர் இருக்கு, ஆஸ்பத்திரிக்கு அதைக் கொடுக்கலாம்."

"நிச்சயமாத்தான் சொல்றியா?"

"அந்த மேடையில என்னால போய் நிக்க முடியாது சார். தேவசகாயம் அண்ணனை மட்டும் எப்படி நிக்கச் சொல்றது?"

சார் ஃபோனை எடுத்து கம்ப்ரஸரை நிறுத்தச் சொன்னார். குழியில் வடித்த திரவம் முழங்கால் உயரத்துக்கு வெள்ளைப் புகையாகப் பரவியது. உற்பத்தி நின்ற நாட்களுக்கெல்லாம் தலைமை அலுவலகத்தில் அவர்தான் வாங்கிக் கட்டிக்கொண்டார். மாம்பழம் என்று விளக்கம் கொடுக்க அவருக்கு எப்படி வாய் வந்ததோ, நினைத்தால் இன்றும் சிரிப்பு வரும்.

இதைப் படிக்கும் இளம் கெமிஸ்டுகளுக்கு நான் சொல்ல வேண்டியதை, திரும்ப ஸ்டார்ட் செய்த அன்று லேபுக்கு வந்து அவரே சொல்லிவிட்டார்.

"அடுத்த தடவை சிவந்தா எங்கிட்ட ஓடி வராதேம்மா. பிளான்ட்டை நிறுத்திட்டு அப்புறம் வந்து சொல்லு."