பத்தாவது விண்ணப்பம்

புறநகர் ரயில் கோவண்டி ஸ்டேஷனைத் தாண்டுவதற்குள் கைபேசி நான்கு முறை அதிர்ந்தது. நம் தமிழர் வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஆங்கில எழுத்தில் "எஸ்தர் மிஸ் எக்ஸ்பயர்ட்" என்று போட்டிருந்தார். கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். இருபது வருடம் பல்கலைக்கழகத்தில் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தவருக்கு ஒரு தமிழ் எழுத்தில்கூட இரங்கல் இல்லை. திலக் நகரில் இறங்கி அவர் வீட்டு வாசலை மிதிக்கும்வரை எனக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

டீச்சர் நடத்தியது மாலை நேரச் சான்றிதழ் வகுப்பு. குறைந்தது பத்துப் பேர் சேர்ந்தால்தான் அந்த வருடம் வகுப்பு உண்டு. அதே பல்கலைக்கழகத்தின் சேர்க்கைப் பிரிவில் குமாஸ்தாவாக இருந்த நான்தான் ஒவ்வொரு ஜூனிலும் அந்த விதியை அவருக்கு எடுத்துச் சொல்வேன். தெரியாததைக் கேட்பதுபோலக் கேட்டுக்கொள்வார்.

அந்தப் பத்துப் பேருக்காக அவர் அலைந்த அலைச்சல் நம்மில் பலருக்குத் தெரியும். தாராவியில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஜனம் வெளியே வரும்போது விண்ணப்பக் கட்டோடு வாசலில் நிற்பார். டைலர் மரியதாஸ் ஒரே வகுப்பில் நான்கு தடவை சேர்ந்தார். நான்கு தடவையும் அவர்தான் முதல் மதிப்பெண். கடைசித் தடவை நான் ஒரு மாதிரியாகப் பார்த்ததும், "அவருக்கு இன்னும் சந்தேகம் தீரல அண்ணாச்சி" என்றார் டீச்சர், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

வளாகத்தில் பொங்கல் விழாவைத் தொடங்கியதும் அவர்தான். தீ மூட்டக் கூடாது என்று காவலாளி மறித்தபோது, மின்சார அடுப்பில் பானையை ஏற்றி நடைபாதையிலேயே பெண்களைக் குலவை போட வைத்தார். சத்தம் தாங்காமல் சண்டைக்கு வந்த பக்கத்து வகுப்புப் பேராசிரியர் இரண்டாம் தடவை பொங்கல் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனார். முலுண்டிலிருந்தும் செம்பூரிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். தொன்னையோடு சேர்த்து எல்லாருக்கும் ஒரு விண்ணப்பத்தையும் கொடுத்தார் டீச்சர். மறுநாள் பார்த்தால் நாற்காலிக்கு அடியில் நெய்க்கறையோடு கிடந்தன. கை துடைத்திருக்கிறார்கள். நாம்தான் துடைத்தோம், வேறு யார்? டீச்சர் கறை படாதவற்றைப் பொறுக்கி எடுத்து அடுக்கி வைத்துக்கொண்டார்.

மூன்று வருடத்துக்கு முந்தைய ஜூனில் ஒன்பது பேர்தான் சேர்ந்தார்கள். மரியதாஸ் கண் மங்கி ஊருக்கே போய்விட்டார். கடைசி நாள் மத்தியானம் டீச்சர் என் ஜன்னலுக்கு வந்தார். ஊழியர்களும் சேரலாம், மேலதிகாரியின் அனுமதி மட்டும் வேண்டும். என் பெயரில் ஒரு விண்ணப்பத்தை அவரே நிரப்பி வைத்திருந்தார்.

"ஒரு கையெழுத்துதான கேக்கேன் அண்ணாச்சி. ஆனா வகுப்புக்கு வந்து உக்காரணும். சும்மா பேருக்குன்னா வேண்டாம்."

கேட்டுச் சொல்கிறேன் என்று வாங்கி வைத்தேன். அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். அதிகாரி ஒன்றும் புலியில்லை. ஓய்வு பெற ஒரு வருடம் இருக்கிற, தமிழ் தெரிந்த ஆளுக்கு இந்த வயதில் 'அ, ஆ' எதற்கு என்று சிரிப்பார், அவ்வளவுதான். அந்தச் சிரிப்புக்குப் பயந்து நான் அவர் அறைப் பக்கமே போகவில்லை. ஐந்து மணிக்கு ஜன்னலை மூடுமுன், அதிகாரி ஒத்துக்கொள்ளவில்லை என்று டீச்சரிடம் சொன்னேன்.

"பரவால்ல அண்ணாச்சி. நீங்க கேட்டீங்கல்லா, அது போதும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அந்த வருடம் நின்ற வகுப்பு பிறகு நடக்கவே இல்லை. அறையில் இப்போது உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

போன வாரம் இரங்கல் கூட்டம். 'வளாகத்தின் தமிழ்த் தாய்' என்று பதாகை. உட்கார இடமில்லாமல் சுவரோரம் நின்றார்கள். மாணவர்களுக்கு ஆர்வம் குறைந்ததால் வகுப்பு நின்றுபோனது என்று மேடையில் ஒருவர் வருத்தப்பட, முன்வரிசை தலையாட்டியது. இத்தனை பேரில் ஒரே ஒருவர் அன்றைக்கு வந்திருந்தால் போதுமே. ஆனால் அதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? என்னையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். டீச்சரின் அர்ப்பணிப்பைப் பற்றி இரண்டு நிமிடம் பேசிவிட்டு இறங்கினேன். அங்கே சொல்லாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

டீச்சருடையது என்று என்னிடம் இருப்பது அந்த விண்ணப்பம் ஒன்றுதான். என் பெயர், அப்பா பெயர், முலுண்ட் விலாசம் எல்லாம் அவருடைய குண்டுக் கையெழுத்தில் இருக்கின்றன. எங்கே கையெழுத்துப் போடுவதென்று நான் தடுமாறிவிடக் கூடாது என்று, அந்த இடத்தில் பென்சிலால் சின்னதாகப் பெருக்கல் குறி ஒன்று போட்டுத் தந்திருக்கிறார்.