தோட்டாவுக்குப் பொருத்தம் பார்த்தவர்

பெரியநாயக்கன்பாளையத்தில் மோட்டார் பம்புக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறைக்காரர் நஞ்சுண்டன். அவரிடம் போய் 'சுமாரா', 'கொஞ்சம்', 'ஏறக்குறைய' என்றெல்லாம் பேசிவிட்டு யாரும் தப்பித்து வந்ததில்லை. "சுமாருன்னா எத்தனைங்க?" என்று நிறுத்திவிடுவார். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று பெரியவர்கள் சொன்னது ஊருக்கே பொதுவாகத்தான். ஆனால் அதைக் கேட்டுவிட்டு வெர்னியர் அளவுகோலைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு அலைகிற ஆள் அந்த வட்டாரத்தில் இவர் ஒருவர்தான். கல்யாணப் பந்தியில் இலையில் விழுந்த மைசூர்பாகை எடுத்து அளந்தார் என்று ஒரு பேச்சு உண்டு. அது சுத்தப் பொய். அளந்தது ஜிலேபியை.

இவருடைய மனைவி மோகனப்பிரியா துப்பாக்கி சுடுகிறவர். பயந்துவிடாதீர்கள், யாரையும் சுடுவதில்லை. குப்புறப் படுத்துக்கொண்டு, ஐம்பது மீட்டர் தள்ளி நிற்கும் அட்டையைச் சிறு ரைஃபிளால் சுடும் போட்டி அது. அட்டையின் நடுவட்டம் சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். மகள் தேஜாவைப் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போய், வெளியே பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து சலித்துப்போய், "நானும் ஒருக்கா சுட்டுப் பாக்கட்டுங்களா?" என்று கேட்டதில் ஆரம்பித்தது. மகள் ஒரே வருடத்தில் துப்பாக்கியை வைத்துவிட்டுக் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள். அம்மா வைக்கவில்லை. முறையாக லைசென்ஸ் எடுத்துச் சொந்தமாக ஒரு ரைஃபிளே வாங்கிவிட்டார்.

நஞ்சுண்டனும் ஒருநாள் சுட்டுப் பார்த்தார். விசையைத் தொடுவதற்கு முன்பே இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டார். குண்டு எங்கே போனது என்று இன்றுவரை தகவல் இல்லை. அதோடு அந்த ஆசை தீர்ந்தது.

போன வருடம் மாநில அணித் தேர்வில் எட்டுப் பேரை எடுத்தார்கள். மோகனப்பிரியா ஒன்பதாவது. வித்தியாசம் ஒரு புள்ளிகூட இல்லை, புள்ளியில் பத்தில் மூன்று பங்கு.  வீடு வந்து சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்த பிறகுதான் சொன்னார்: "அடுத்த வருசமும் வரலீன்னா துப்பாக்கியக் குடுத்துப்போட்டு ஊட்டோட இருந்துக்கறேனுங்க. போதும் மாமா."

நாள் முழுக்கப் பட்டறைக் கணக்கு, மாமனார் மாமியார் மருந்து, வருகிறவர் போகிறவர் காப்பி என்று ஓடுகிற மனுஷி, ரேஞ்ச் என்கிற அந்தத் துப்பாக்கி சுடும் இடத்தில் படுத்திருக்கும் இரண்டு மணி நேரம்தான் யார் கூப்பிட்டாலும் எழுந்து போகாமல் இருப்பார். திரும்பி வரும்போது அவர் முகத்தில் ஒரு தெளிச்சி இருக்கும். அந்த முகத்தை இழக்க நஞ்சுண்டனுக்கு மனசே இல்லை. தன்னால் சுட முடியாது. ஆனால் அளக்க முடியுமே! அந்தப் பத்தில் மூன்றைத் தோட்டாவில்தான் தேட வேண்டும் என்று முடிவு கட்டினார்.

விஷயம் இதுதான். ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஒரே டப்பா. ஆனால் இன்றைக்கு வார்த்த தோட்டாவும் அடுத்த மாதம் வார்த்த தோட்டாவும் ஒன்றல்ல. ஒவ்வொரு தடவை வார்ப்பதற்கும் ஒரு லாட் நம்பர் போடுவார்கள். ஒரு துப்பாக்கிக் குழலுக்கு ஒரு லாட் பிடிக்கும், இன்னொன்று பிடிக்காது. பக்கத்து ஆளின் துப்பாக்கியில் தங்கமாய்ப் போகிற லாட் உங்கள் துப்பாக்கியில் தறிகெட்டு ஓடும். ஏன் என்று கேட்டால் கம்பெனிக்காரனே கையை விரிக்கிறான். சுட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

"பத்துப் பொருத்தம் பாக்கறாப்பலதானுங்க," என்று துப்பாக்கி கிளப் செயலாளர் ரவிக்குமாரிடம் சொல்லி, நான்கு லாட்டில் மும்மூன்று டப்பா வாங்கினார். பிறகு பட்டறையில் உட்கார்ந்து, துப்பாக்கியை அசையாமல் பிடித்துக்கொள்ள இரும்பில் ஒரு தாங்கி செய்தார். அதைத் தூக்கிக்கொண்டு போய் ரேஞ்சில் வைத்தபோது கிளப்பே திரண்டு வந்து வேடிக்கை பார்த்தது. "அம்மிக்கல்லு" என்று அதற்குப் பெயரும் வைத்துவிட்டார்கள். நஞ்சுண்டன் அசரவில்லை. துப்பாக்கியை அம்மிக்கல்லில் பூட்டி, மோகனப்பிரியா விசையை மட்டும் தொட, லாட் மாறும்போதெல்லாம் குழல் புதுத் தோட்டாவுக்குப் பழக நாலைந்தை வீணாய் விட்டு, மீதியைக் காகித அட்டையில் சுட்டு, ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவே வெர்னியரை வைத்து அளந்தார். மூன்று லாட் பரவாயில்லை ரகம். ஒரு லாட் மட்டும் அத்தனை குண்டையும் ஒரே ஓட்டையில் கொண்டுபோய் அடைத்தது.

"பொண்ணு அமைஞ்சுதுங்களா?" என்று ரவிக்குமார் சிரித்தார்.

"அமைஞ்சுதுங்க! நாப்பத்தேழுல முடியற நம்பருங்க!" நஞ்சுண்டனுக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றிலிருந்து பட்டறைக்கு வருகிற போகிறவர்களிடமெல்லாம் அந்த நாற்பத்தேழின் பெருமைதான்.

ஒவ்வொரு லாட்டிலும் இரண்டு டப்பா மிச்சம் இருந்தது. போட்டிக்கு நாற்பத்தேழு, மற்றவை பயிற்சிக்கு. எல்லாம் கச்சிதம். இந்த இடத்தில்தான் வந்து சேர்ந்தது ஆயுத பூஜை.

தேர்வுப் போட்டியை விஜயதசமி அன்றைக்கு வைத்திருந்தார்கள். கோயமுத்தூர்க்காரன் எவனாவது அப்படி ஒரு தேதி போடுவானா? வேறெங்கோ உட்கார்ந்துகொண்டு எவனோ போட்ட தேதி. பட்டறைக்கு மேலேயே வீடு. முதல் நாள் கீழே லேத்துக்கெல்லாம் மாலை போட்டுப் பூசணிக்காய் உடைத்த கையோடு, மேலே பூஜை அறையில் நஞ்சுண்டன் ஒரு மணைப் பலகையில் ரைஃபிளை வைத்தார், வெர்னியரை வைத்தார், தோட்டா டப்பா எட்டையும் லாட் வாரியாகச் சோடி சோடியாய் ரப்பர் பேண்டு போட்டு வரிசையாக அடுக்கினார். மோகனப்பிரியா சமையலறையில் சுண்டலுக்குத் தாளித்துக்கொண்டிருந்தார்.

மற்றவர்களானால் டப்பாவின் மேலே எங்கேயாவது ஒரு பொட்டைத் தீற்றிவிட்டுப் போவார்கள். நஞ்சுண்டன் அப்படிச் செய்வாரா? டப்பாக்களின் குறுக்குப் பக்கம் முன்னால் தெரிய அடுக்கி, எட்டிலும் ஒரே உயரத்தில், ஒரே அகலத்தில், குழைத்த சந்தனத்தைக் கட்டை விரலால் அழுத்தி வைத்து, நடுவில் குங்குமம் இட்டார். தள்ளி நின்று ஒரு கண்ணை மூடி மட்டம் பார்த்தார். பட்டறை ஆட்கள் வந்து கும்பிட்டு, பொரி கடலை வாங்கிக்கொண்டு போனார்கள். பூஜையில் வைத்ததை மறுநாள் காலைவரை தொடக்கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். யாரும் தொடவில்லை.

விஜயதசமி காலை நஞ்சுண்டன் குளித்துவிட்டு வந்து, டப்பாக்களை மொத்தமாகத் துண்டில் அள்ளினார். சந்தனம் காய்ந்து உதிர்ந்தது. துப்பாக்கியில் தூசி பட்டால் ஆகாதே என்று ஈரத்துணியால் ஒவ்வொன்றாய்த் துடைத்து, நாற்பத்தேழைத் தனியே எடுத்து வைக்கலாம் என்று நம்பரைப் பார்த்தார். நம்பர் இல்லை. அடுத்த டப்பாவைப் பார்த்தார். அதிலும் இல்லை. லாட் நம்பர் ரப்பர் ஸ்டாம்ப் மையில் குத்தியிருந்தது. அத்தனை பொட்டும் மிகச் சரியாக அந்த நம்பரின் தலைமேல்தான் உட்கார்ந்திருந்தது. துடைத்ததில் மையும் சந்தனத்தோடு போய்விட்டது. நல்லவேளை, ரப்பர் பேண்டு இருந்ததால் சோடிகள் கலையவில்லை. ஆனால் நான்கு சோடியில் எது நாற்பத்தேழு? பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

"கெளம்பலாமுங்களா?" என்று மோகனப்பிரியா வந்து நின்றார்.

நஞ்சுண்டன் ஒரு சோடி டப்பாவை நீட்டினார். "அம்மணி... யாரோ நம்பரு மேலயே பொட்டு வெச்சுப்போட்டாங்க. தொடச்சனா, அழிஞ்சுபோச்சு."

"யாரோவா?"

"பூசைக்குத்தான் அத்தன பேரு வந்தாங்களே!"

மோகனப்பிரியா டப்பாக்களைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார், ஒரு பெருமூச்சு விட்டார். "செரி. எட்டையும் பையில போடுங்க," என்றார். அவ்வளவுதான். தொண்டாமுத்தூர்ப் பக்கம் இருக்கிற ரேஞ்சுவரை வண்டியில் ஒரு பேச்சு இல்லை. நஞ்சுண்டன் திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல் உட்கார்ந்து வண்டி ஓட்டினார். மனைவி கத்தியிருந்தால்கூடத் தேவலை.

போட்டிக்கு முன்னால் குறி சரிபார்த்துக்கொள்ளப் பதினைந்து நிமிடம் கொடுப்பார்கள். அந்தப் பதினைந்து நிமிடத்தில் மற்றவர்கள் காற்றைப் பார்ப்பார்கள், மூச்சை நிதானப்படுத்துவார்கள். மோகனப்பிரியாவுக்கோ நான்கு லாட்டுக்கும் பொருத்தம் பார்க்கிற வேலை. நஞ்சுண்டன் பார்வையாளர் வரிசையில், கயிற்றுக்குப் பின்னால். அங்கிருந்து வாயைத் திறக்கக்கூடாது, சைகையும் காட்டக்கூடாது. ஒவ்வொரு குண்டும் எங்கே விழுந்தது என்று திரை காட்டும். அதைப் பார்க்க மட்டும் தடை இல்லை.

முதல் சோடி சிதறியது. மூன்றாவதும் அப்படித்தான். இரண்டாவது, ஆகா! குண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாய்க் கூடு கட்டின. நான்காவதும் நன்றாகத்தான் போனது, ஆனால் இரண்டு குண்டு வலப்பக்கம் விலகி ஓடிவிட்டது. நஞ்சுண்டன் கண்ணாலேயே அளந்துவிட்டார். ரெண்டாவதுதான் நாற்பத்தேழு, சத்தியமாய்! "ரெண்டு, ரெண்டு" என்று மனசுக்குள் கத்தினார்.

மோகனப்பிரியா மற்ற மூன்று சோடியையும் ஓரமாக நகர்த்திவிட்டு, நான்காவதைப் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டார்.

நஞ்சுண்டன் முன்னால் ஓர் அடி எடுத்து வைத்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டார். "ஏனுங்க, கயித்த விடுங்க, அறுந்துபோகும்," என்று ரவிக்குமார் காதில் சொன்னார். அறுபது குண்டு. ஒவ்வொன்றுக்கும் நஞ்சுண்டன் மருதமலை முருகனைக் கூப்பிட்டார். தன்னால்தானே இந்தக் கதி என்று நொந்துகொண்டார். அந்த மனுஷி ஒரு வருடம் பொழுது விடியுமுன் எழுந்து பயிற்சி செய்ததை, ஒரு கட்டை விரலால் அழித்துவிட்டோமே!

பாதிப் போட்டியில் பத்தாவது இடம். நாற்பது குண்டு முடிந்தபோது ஒன்பது. அந்த ஒன்பதைக் கண்டதும் நஞ்சுண்டன் கண்ணை மூடிக்கொண்டார், விசையைத் தொடாமலேயே. அறுபதும் முடிந்து ரவிக்குமார் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்ததில்தான் திறந்தார். பலகையில் மோகனப்பிரியாவின் பெயர் ஏழாவதாக நின்றது.

நஞ்சுண்டன் அழுதுவிட்டார். மூக்கைச் சிந்திக்கொண்டே எல்லோருக்கும் கை கொடுத்தார், தோற்றவர்களுக்கும் சேர்த்து. மோகனப்பிரியா தடித்த ஜாக்கெட்டைக் கழற்றிக்கொண்டே வந்தார், முகம் முழுக்கச் சிரிப்பு. "வந்துட்டனுங்க மாமா!"

திரும்புகிற வழியில் வடவள்ளி தாண்டியதும் நஞ்சுண்டனால் அடக்க முடியவில்லை. "ஏம்புள்ள, ரெண்டாவதுல்ல நெருக்கமாப் போச்சு? நாலாவதுல ரெண்டு குண்டு வெலகி ஓடுச்சே. அதை எதுக்கு எடுத்த?"

"அந்த ரெண்டும் என்ற தப்புங்க. விசைய இழுக்கறப்பவே தெரிஞ்சுது, வலப்பக்கம் போயிருமுன்னு. அதே மாதிரி வலப்பக்கமே போச்சு. நான் எங்க உட்டனோ அங்க போச்சு."

"ரெண்டாவது?"

"அதுலயும் ஒண்ணு தப்பா உட்டனுங்க. ஆனா நடுவுல போய் உழுந்துது. நான் தப்புப் பண்ணுனா தப்புன்னு சொல்லோணுமுங்க. மூடி மறைக்கற தோட்டாவ நம்பி எப்படீங்க அறுவது குண்டு சுடறது?"

நஞ்சுண்டன் கியரை மாற்றினார். தேவையில்லாமல் மறுபடியும் மாற்றினார். அம்மிக்கல்லில் பூட்டி ஒரு வருடம் அளந்தாலும் இது அகப்பட்டிருக்காது என்று அவருக்குப் பட்டது. வேறு ஒன்றும் பட்டது, அதைச் சொல்லாமல் தீராது.

"அம்மணி."

"சொல்லுங்க."

"காலைல யாரோன்னு சொன்னனில்ல. யாரோ இல்ல. பொட்டு வெச்சது நாந்தான்."

"தெரியுமுங்க."

"தெரியுமா! எப்படி?"

"எட்டு டப்பாலயும் நூலு புடிச்சாப்பல ஒரே எடத்துல பொட்டு. நேத்து தீபம் காட்டறப்பவே பாத்தனே. இந்த ஜில்லாவுல வேற யாருங்க அப்படி வெப்பாங்க?"

நஞ்சுண்டனுக்கு உயிர் வந்தது. என்ன பெருந்தன்மை! இப்படி ஒரு பெண்டாட்டி யாருக்கு வாய்க்கும்! "தெரிஞ்சும் காலைல ஒரு வார்த்தை கேக்கலியே கண்ணு நீ."

"மேட்சுக்கு முந்திக் கோவப்பட்டா நெஞ்சு படபடங்குமுங்க. குறி நிக்காது," என்றார் மோகனப்பிரியா, கைப்பையை மடியிலிருந்து எடுத்துப் பின்சீட்டில் வைத்துக்கொண்டே. "அதனால அத்தனையும் அப்படியே புடிச்சு வெச்சிருந்தேன். இப்பத்தான் மேட்சு முடிஞ்சுபோச்சே. வண்டிய ஓரங்கட்டுங்க."